ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை பேர்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஆளையும் குறிக்கும், ஒரு நாள் சம்பளத்தையும் குறிக்கும். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் “எத்தனை பேர் இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டால், எத்தனை நாள் கூலி சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

என் சித்தி மகள் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். போன சம்பள நாளன்று மாலை கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகர் கொழும்புக்கு வருகிறார். அவர் குரல் என்றால் அவளுக்கு உயிர். மலையில் நிரை பிடித்து நிற்கும்போதும் ஒரு காதில் அவர் பாட்டுத்தான் ஓடும். சீட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு பேர் 1750 ரூபாய். டிக்கெட் 4000 ரூபாய், அது இரண்டு பேரும் கொஞ்சமும். வேன் பங்கு 2500, கிட்டத்தட்ட ஒன்றரைப் பேர். விடியற்காலையில் வந்து சேர்ந்தால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது, அது ஒரு பேர். சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தால் ஐந்து பேர். “அக்கா, ஒரு ராத்திரிப் பாட்டுக்கு ஐந்து பேர். இது நியாயமா?”

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பொருளியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூலிக் கணக்கும் கடைக் கணக்கும் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

விலை செய்யும் இரண்டு வேலைகள்

கடையில் கோதுமை மா விற்கிறார்கள். நிறையப் பேர் வாங்க வந்தால் முதலாளி இன்னும் நான்கு மூட்டை இறக்குவார். இசை நிகழ்ச்சியில் அது நடக்காது. மண்டபத்தில் 3000 கதிரை என்றால் 3000தான். பாடகருக்கு ஒரு தொண்டைதான். ஓர் இரவில் அவர் ஓர் இடத்தில்தான் பாட முடியும். பத்தாயிரம் பேர் ஆசைப்பட்டால் ஏழாயிரம் பேர் வெளியே நிற்கத்தான் வேண்டும். விலை எதுவாக இருந்தாலும், இலவசமாகவே இருந்தாலும், இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே டிக்கெட் விலை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நிகழ்ச்சிக்கு ஆன செலவை ஈடுகட்டுவது ஒன்று. அந்தப் பத்தாயிரத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிப்பது மற்றொன்று. ‘விலை நியாயமா’ என்று நாம் சண்டை போடும்போது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஏற்பாட்டாளர் முதல் வேலையைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்கிறார். ரசிகர் இரண்டாவது வேலையில் அடிபட்டு நிற்கிறார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஏறுவதில்லை.

செலவு ஏன் இவ்வளவு?

தேயிலைத் தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் அதே ஆட்களைக் கொண்டு கூடுதல் கொழுந்தை அரைக்கலாம். பாட்டில் அந்த வழி இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன் மூன்று மணித்தியாலக் கச்சேரிக்கு ஒரு தபேலாக்காரர் மூன்று மணித்தியாலம் வாசித்தார், இன்றும் அப்படித்தான். ஆனால் அவர் வீட்டு வாடகையும் அரிசி விலையும் மற்றவர்களுக்கு ஏறியதுபோலவே அவருக்கும் ஏறியிருக்கின்றன. அமெரிக்கப் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966இல் இதைத்தான் விளக்கினார்கள். மேடைக் கலையில் உழைப்பைச் சுருக்க முடியாது. ஆகவே மற்றப் பொருட்கள் மலிவாகும் காலத்திலும் அதன் விலை ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு காரணம் நம் கண்முன்னே நடந்தது. முன்பு கசெட் வாங்கினோம், பிறகு சீடி வாங்கினோம். இப்போது பாட்டு கைபேசியில் ஏறக்குறைய இலவசமாக வருகிறது. பதிவு விற்று வந்த வருமானம் கரைந்துபோக, கலைஞர்கள் மேடையையே நம்ப வேண்டியதாயிற்று. பாட்டு மலிவானதன் மறுபக்கம்தான் கச்சேரி விலை ஏறியது.

நம் நாட்டுக்கே உரிய அடியும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பிறகு இறங்கி 300 ரூபாய்ப் பக்கம் நின்றது. வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் 20,000 டொலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 40 இலட்சம் ரூபாயில் முடிந்த அதே சம்பளம் இப்போது 60 இலட்சம். அவர் ஒரு சதம்கூட ஏற்றவில்லை. அதற்கு மேல் ஒலி, ஒளி, மேடை, விமானச் சீட்டு, தங்குமிடம், வரி. வற் எனும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாய், 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350, 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாயும் அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாயும் சேர்த்து 1750 என்று, ஒவ்வொரு ரூபாய்க்கும் வருடக்கணக்கில் குரல் கொடுத்து வந்தவர்கள் நாம். உழைப்புக்கு விலை உண்டு என்று மற்றவர்களுக்கு முன்னால் நின்று சொன்னவர்கள். கீபோர்ட் வாசிக்கும் பையனுக்கும் ஒலிபெருக்கி தூக்கும் தொழிலாளிக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றால் டிக்கெட்டுக்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும். எல்லாக் கச்சேரியும் இலவசமாக இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது.

யாரை உள்ளே விடுவது?

இனி இரண்டாவது வேலை. கதிரை குறைவு, ஆள் அதிகம். பிரிப்பதற்கு மூன்று வழிகள்தான் உண்டு: பணம், வரிசை, குலுக்கல்.

பணத்தால் பிரித்தால் இருப்பவர் உள்ளே போவார். வரிசையால் பிரித்தால் நேரம் இருப்பவர் உள்ளே போவார். காலை ஆறரைக்குப் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், நிற்க வேண்டியவளால் பத்து மணிக்கு இணையத்தில் காத்திருக்க முடியாது, அவளுடைய மலையில் சிக்னலும் கிடைக்காது. குலுக்கல் எல்லோரையும் சமமாகப் பார்க்கும், ஆனால் அந்தப் பாடகருக்காக உருகுகிறவரும் பொழுதுபோக்க வருகிறவரும் அதற்கு ஒன்றுதான்.

‘இலவசம்’ என்பதையும் நான்காவது வழி என்று எண்ணுகிறோம். அது வரிசையின் இன்னொரு பெயர்தான், சில வேளை தள்ளுமுள்ளின் பெயர். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி நடந்தது. முன்னால் கட்டண இருக்கைகள், பின்னால் இலவசப் பகுதி. திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. நிகழ்ச்சியைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. காசு கொடுத்தவர்களுக்கும் இடமில்லை, கொடுக்காதவர்களுக்கும் நிம்மதியில்லை. அந்தக் கூட்டத்தைத் திட்டியவர்கள் பலர். அவர்களோடு நான் சேர மாட்டேன். பெரிய கலைஞர்கள் அரிதாகவே வரும் ஊரில், எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கணக்கிட்டு இடம் ஒதுக்கும் பொறுப்பு நடத்துகிறவர்களுடையது.

விலை வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றும் இல்லை. 2023 செப்டம்பர் 10ஆம் திகதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்குப் பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பிறகு அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. வாங்கிய விலைக்கு உரிய இடம் இருக்க வேண்டும் என்பதே நியாயத்தின் முதல் படி.

நம் தோட்டங்களில் இந்தச் சிக்கலே எழாத கலை ஒன்று இருக்கிறது. மாசி மாதத்தில் காமன் கூத்து. காமன் மரம் ஊன்றி, ரதியும் மதனும் வேடம் கட்டி, தப்பு அடித்து ஆடுகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் உண்டு. கொஞ்சம் வசதியுள்ளவர் கூடக் கொடுப்பார், கடைக்காரர் ஒரு செலவைத் தன் உபயமாக ஏற்பார். ஆனால் பார்க்கும் இடம் யாருக்கும் விலைக்கு இல்லை. திறந்த வெளி, சுற்றி நிற்கலாம், குழந்தையைத் தோளில் ஏற்றலாம். கதிரை குறையாததால் பிரிக்கும் வேலை அங்கே விலைக்கு இல்லை; செலவை ஈடுகட்டும் வேலை மட்டுமே இருக்கிறது. இந்தக் ‘கூடக் கொடுப்பவர்’ கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது மறுபடியும் வரும்.

மலிவாக வைத்தால் யார் சாப்பிடுகிறார்கள்?

விலையைக் குறைத்தால் ரசிகருக்கு நல்லது என்று தோன்றும். சில நேரம் அப்படி நடப்பதில்லை. 10,000 ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கும் டிக்கெட்டை 4000க்கு விற்றால், நடுவில் 6000 ரூபாய் சும்மா கிடக்கிறது. அதை எடுக்க ஒருவன் வருவான். ஐம்பது டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு கள்ளச் சந்தையில் விற்பான். ரசிகர் கொடுப்பது பழையபடி பத்தாயிரம்தான். பாடியவருக்கு அதில் நாலாயிரம்தான் போகிறது.

2025 ஜனவரியில் இந்தியாவில் நடந்த, பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சிகள் இதற்கு நல்ல உதாரணம். டிக்கெட் 2500 இந்திய ரூபாயிலிருந்து தொடங்கியது. முதல் விற்பனை நாளில் இணையத்தில் வரிசையில் நின்றவர்கள் 1 கோடி 30 இலட்சம். விற்றுத் தீர்ந்த கையோடு, மறுவிற்பனைத் தளங்களில் சில டிக்கெட்டுகளுக்கு இலட்சக்கணக்கில் கேட்டார்கள். கூடுதலாகக் கேட்ட அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட மேடையில் நின்றவருக்குப் போவதில்லை.

அயர்லாந்தில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட பெரிய அரங்குகளின் டிக்கெட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்கக் கூடாது. போக முடியாமல் போனால் அதே விலைக்கு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இலாபம் பார்க்க முடியாது. நான் அறிந்த தீர்வுகளில் இது எளிமையானது, இங்கேயும் வர வேண்டியது.

மழைநாள் விலை

இனி வருவதுதான் மனதைக் கொதிக்க வைக்கும் பகுதி.

கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள், 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, கனடாவில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டொலர். பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டொலர் ஆக்குகிறார். இது சரியா? 82 சதவீதத்தினர் நியாயமில்லை என்றார்கள். மண்வெட்டி குறைவாகத்தான் இருக்கிறது, வாங்க ஆள் அதிகம், விலை ஏறுவது இயல்பு என்று பொருளியல் பாடம் சொல்லும். மக்கள் மனம் அதை ஏற்கவில்லை. செலவு ஏறியதால் விலை ஏறினால் பொறுத்துக்கொள்கிறோம். என் தேவையைப் பார்த்து விலை ஏறினால் அதைப் பொறுக்க முடியவில்லை.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பனி தேவையில்லை. மண்சரிந்து ரோடு அடைபட்டு, மின்சாரமும் போன இரவில், நேற்றுவரை ஒரு விலைக்கு விற்ற மெழுகுவர்த்தியை ஒரு கடைக்காரர் இரட்டை விலைக்கு விற்றால் அந்தக் கடையை ஊர் பல வருடம் மறக்காது. அந்த இரவிலும் பழைய விலைக்கே கொடுத்து, ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுத்தவரையும் ஊர் மறக்காது.

2024 ஆகஸ்ட் 31ஆம் திகதி பிரிட்டனில் ஒயாசிஸ் இசைக்குழுவின் டிக்கெட் விற்பனையில் நடந்தது இதுதான். மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்கள் தங்கள் முறை வந்தபோது, ஏறக்குறைய 150 பவுண் என்று நினைத்த நிற்குமிட டிக்கெட் 355 பவுணாக இருப்பதைக் கண்டார்கள். வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கக் கிடைத்தவை சில நிமிடங்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் பின்னர் விசாரித்தது. மலிவான தொகுதி தீர்ந்ததும் விலை கூடிய தொகுதி திறக்கப்பட்டது என்பதும், இரண்டு விலைகள் உண்டு என்பது வரிசையில் நின்றவர்களுக்கு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதும் தெரியவந்தன.

முதல் நாளே 355 என்று போட்டிருந்தால் பலர் வரிசையில் நின்றிருக்கவே மாட்டார்கள். அரைநாள் காக்க வைத்த பிறகு சொல்லும்போது, அந்த அரைநாளும் அவர்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

கூடக் கொடுப்பவர் கணக்கு

என் தங்கைக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு நிகழ்ச்சிக்கு மொத்தச் செலவு 1 கோடி 20 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3000 கதிரை. எல்லோருக்கும் ஒரே விலை என்றால் ஆளுக்கு 4000. கேட்க மிகச் சமமாக இருக்கிறது. நாள் கூலிக்காரருக்கு அது இரண்டு பேருக்கு மேல். கொழும்பில் மாதச் சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு ஓர் இரவுச் சாப்பாட்டுக் காசு.

இப்போது பிரித்துப் பாருங்கள். முன்வரிசை 500 கதிரையை 12,000க்கு விற்றால் 60 இலட்சம். நடுவில் 1000 கதிரை 4000க்கு, 40 இலட்சம். பின்னால் 1500 கதிரை 1400க்கு, 21 இலட்சம். மொத்தம் 1 கோடி 21 இலட்சம். செலவு அடைந்துவிட்டது, ஒரு இலட்சம் மிச்சம். அரங்கில் பாதி ஆட்கள் ஒரு பேர்க் கூலிக்கும் குறைவான விலையில் உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்த 12,000 ரூபாய் டிக்கெட்டை மட்டும் விளம்பரத்தில் பார்த்தால் கொள்ளை என்றுதான் தோன்றும். ஆனால் பின்வரிசையைத் தாங்குவது அதுதான். திருவிழாவில் உபயக்காரர் செய்வதும் இதுதான். ஆகவே உயர்ந்த விலை என்றவுடன் நான் கோபப்படுவதை நிறுத்திவிட்டேன். ஆகக் குறைந்த விலை என்ன, அந்த விலைக்கு எத்தனை கதிரை என்றுதான் இப்போது பார்க்கிறேன். சில ஏற்பாட்டாளர்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘1500 ரூபாய் முதல்’ என்று போடுவார்கள். அந்த விலைக்கு ஐம்பது கதிரைதான் இருக்கும். அப்படியென்றால் அது மலிவு டிக்கெட் அன்று, தூண்டில்.

கலைஞர் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2023இல் தி கியூர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு அமெரிக்கப் பயணத்தில் சில டிக்கெட்டை 20 டொலருக்கு வைத்தது. விற்பனை நிறுவனம் அதன்மேல் போட்ட கட்டணமே டிக்கெட் விலையைத் தாண்டியது. பாடகர் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். கட்டணத்தில் ஒரு பகுதி ரசிகர்களுக்குத் திரும்பி வந்தது.

மலையேறும்போது விலை

இவ்வளவும் சொன்ன பிறகும் தங்கையின் ஐந்து பேரில் டிக்கெட் பாதிக்கும் குறைவுதான். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் நான்கு ஐந்து மணித்தியாலம். கச்சேரி இரவு பதினொரு மணிக்கு முடிந்தால் தோட்டத்துக்குத் திரும்ப வேனை விட்டால் வழியில்லை. பெண்பிள்ளைகள் போவதென்றால் துணைக்கு ஒருவர், அவருக்கும் ஒரு டிக்கெட். மறுநாள் பேர் போகும். கொழும்புக்காரருக்கு 4000 ரூபாய்க்கு விற்கும் அதே கதிரை, மலையிலிருந்து வருபவருக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆகிவிடுகிறது. இந்தத் தூர விலையை எந்த விளம்பரமும் அச்சிடுவதில்லை.

அதனால்தான் நான் கேட்பது விலைக்குறைப்பை மட்டும் அன்று. ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு நிகழ்ச்சியை வையுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு பிற்பகலில் வையுங்கள், இரவு எட்டு மணிக்குள் முடியுங்கள். ஒவ்வொரு விலைக்கும் எத்தனை கதிரை என்று விளம்பரத்திலேயே போடுங்கள். இவற்றுக்குப் பெரிதாகப் பணம் தேவையில்லை, நம்மையும் ரசிகர்களாக எண்ணினால் போதும்.

விளம்பரத்திலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். விலை இடையில் மாறாது என்று உறுதி சொன்னார், நல்லது. முடியும் நேரம் பதினொன்று. ஆகக் குறைந்த விலைக்கு எத்தனை கதிரை என்று கேட்டதற்கு விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். இருநூறு இருந்ததாம், விற்பனை தொடங்கிய அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். அன்று காலை தங்கை மலையில் நின்றாள்.

இந்த நிகழ்ச்சிக்கு அவள் போகவில்லை. அவளுடைய லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கத்து லயத்திலுமாகப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சீட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய். வழக்கமான சீட்டுபோல மாதத்துக்கு ஒருவர் எடுப்பதில்லை. அடுத்த நல்ல கச்சேரி வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று பேச்சு. பன்னிரண்டு பேராகப் போனால் வேன் நிறைந்துவிடும், துணைக்குத் தனியாக ஆள் தேவையில்லை, 2500 ரூபாய் வேன் பங்கும் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அதே கொப்பியின் பின்பக்கத்தில் அவள் போட்டு வைத்திருக்கிறாள்.